ஒரே இரவில் மூன்று எண்கள்: நரம்பியல் அறுவை சிகிச்சைப் பயிற்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

வட ஆற்காட்டுப் பகுதியிலுள்ள ஒரு பயிற்சி மருத்துவமனையில் நடந்த நிகழ்வு இது. நோயாளியின் குடும்பத்தாரும், இதில் வரும் மூன்று பயிற்சி மருத்துவர்களும் இதை எழுதச் சம்மதித்தார்கள். ஆட்களை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்த இரவின் பணியில் நான் கன்சல்டன்டாக இருந்தேன். துறையின் பயிற்சிப் பொறுப்பும் என்னுடையது.

பின்னணி

நரம்பியல் அறுவை சிகிச்சைக்கும் வேலூருக்கும் உறவு பழையது. இந்தத் துறைக்கென இந்தியாவில் முதன்முதலில் தனிப் பிரிவு ஏற்பட்டது 1949-இல், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில். தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. கனடாவின் மான்ட்ரியலில், புகழ்பெற்ற நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்தவர். அன்று முதல் இந்த வட்டாரத்து மருத்துவமனைகளுக்கு ஆந்திர எல்லையிலிருந்தும், வங்காளத்திலிருந்தும், வடகிழக்கிலிருந்தும் மூளை நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரே வார்டில் நான்கைந்து மொழிகள் கேட்கும். இந்த நிகழ்வுக்கு அது முக்கியம்.

இந்தத் துறையின் உயர் சிறப்புப் பட்டமான எம்.சிஎச். படிப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை முடித்துவிட்டு மூன்று ஆண்டுகள் படிப்பது ஒன்று. எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் நேரடியாக ஆறு ஆண்டுகள் படிப்பது இன்னொன்று. இரு வழியினரும் ஒரே வார்டில், ஒரே டியூட்டிப் பட்டியலில் வேலை செய்கிறார்கள். எம்.எஸ். முடித்து வரும் முதலாண்டுக்காரர் நடுராத்திரியில் தனியாக வயிற்றைத் திறந்து குடலைத் தைத்தவராக இருப்பார்; ஆனால் நினைவிழந்த ஒருவரைத் தலைமுதல் கால்வரை நரம்பியல் முறைப்படி பார்த்த அனுபவம் அவருக்குக் குறைவு. ஆறாண்டு வழியில் மூன்றாம் ஆண்டில் இருப்பவருக்கு அது நேர்மாறாக இருக்கும். எங்கள் பட்டியலோ ஆண்டை மட்டுமே பார்த்தது. யார் எதைச் செய்யலாம் என்று அறுவை அரங்கின் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் முதலாண்டு, இரண்டாமாண்டு என்றுதான் தலைப்புகள். அதில் இருந்தவை எல்லாம் கைவேலைகள்: தையல், பர் ஹோல் (மண்டையோட்டில் சிறு துளையிடுவது), வடிகுழாய், ஷன்ட் (மூளையில் தேங்கும் நீரை உடலுக்குள்ளேயே வேறிடத்துக்கு வடிக்கும் நிலையான குழாய்), மண்டையோட்டைத் திறப்பது. படுக்கையருகே பரிசோதிப்பது எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாகவே கருதப்பட்டது.

நோயாளி

குடியாத்தத்துக்கு அப்பால், ஆந்திர எல்லையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த, இருபது வயதுகளில் உள்ள பெண். மூன்று வாரங்களாகக் காய்ச்சல், தலைவலி, வாந்தி. குடியாத்தத்தில் ஒரு மருத்துவமனையில் காசநோய் மூளையுறை அழற்சி என்று கண்டறிந்து, காசநோய் மருந்துகளும், அழற்சியைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோனும் தொடங்கியிருந்தார்கள். மயக்கம் கூடியதால் எங்களிடம் அனுப்பினார்கள். அன்று காலை எடுத்த சிடி ஸ்கேனில் மூளையின் நீர் அறைகள் விரிந்திருந்தன. மூளையடியில் கசிவு படர்ந்திருந்தது.

மாலை ஆறு மணிக்கு, பணி முடித்துக் கிளம்பவிருந்த ஒரு மருத்துவர் பார்த்து எழுதிய ஜிசிஎஸ் (கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றுக்கும் புள்ளியிட்டு நினைவின் அளவைச் சொல்லும் கிளாஸ்கோ அளவுகோல்; முழு நினைவுக்கு 15) 13. கண் 3, பேச்சு 4, அசைவு 6. கைகால்கள் பற்றி, ‘நான்கும் அசைகின்றன’ என்ற ஒரு வரி. மறுநாள் காலை ஷன்ட் வைப்பது என்று முடிவாயிற்று.

இந்த முடிவு ஒரு தர வகைப்பாட்டைச் சார்ந்தது. காசநோய் மூளையுறை அழற்சியால் மூளையில் நீர் தேங்கியவர்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் முறை 1991-இல் வேலூரிலிருந்தே வெளியானது. உலகெங்கும் ‘வேலூர் தரம்’ என்றே வழங்குகிறது. இன்று பயன்படும் வடிவில், நினைவு முழுதாக இருந்து நரம்புக் குறைபாடு இல்லாவிட்டால் முதல் நிலை, குறைபாடு இருந்தால் இரண்டாம் நிலை. ஜிசிஎஸ் 9 முதல் 14 வரை மூன்றாம் நிலை. 8-உம் அதற்குக் கீழும் நான்காம் நிலை. மூன்றாம் நிலையில் ஷன்ட் வைக்கலாம். நான்காம் நிலையில் முதலில் தற்காலிக வெளி வடிகுழாய் வைத்து, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தெளிவு ஏற்படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஷன்ட். ஆகவே எந்த அறுவை சிகிச்சை என்பதைப் படுக்கையருகே போடும் அந்த எண்ணே தீர்மானிக்கிறது. 8-க்கும் 9-க்கும் இடையே இரண்டு வேறு வழிகள் பிரிகின்றன.

இரவில் கவனித்தவை

இரவு 11.30. தண்ணீர் கொடுக்கப்போன செவிலியர், மாலையில் வாயைத் திறந்து வாங்கிய பெண் இப்போது உதட்டை அசைக்கவில்லை என்று கண்டு டியூட்டி மருத்துவரை அழைத்தார். வந்தவர் எம்.எஸ். முடித்த முதலாண்டுக்காரர். சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கைவேலையில் கெட்டிக்காரர், பொறுப்பானவர். தமிழில் பெயர் கேட்டார். முனகல் மட்டும் வந்தது. வலது கையில் ஊசிக் குழாய் வைத்துப் பலகையோடு கட்டியிருந்ததால், இடது கை விரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். முழங்கை மடங்கி, மணிக்கட்டு உள்நோக்கி வளைந்தது. கண் 2, பேச்சு 2, அசைவு 3. மேலே இருந்த இறுதியாண்டு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, “சார், பதிமூணு இருந்தாங்க, இப்ப ஏழு” என்றார்.

இறுதியாண்டு மருத்துவர் இரண்டு காரியங்கள் செய்தார். அறுவை அரங்கைத் தயார் செய்யச் சொன்னார். ஐசியூவில் இருந்த மூன்றாமாண்டு மருத்துவரை வார்டுக்கு அனுப்பிவிட்டு என்னை அழைத்தார். மூன்றாமாண்டு மருத்துவர் ஆறாண்டு வழியில் சேர்ந்தவர், முதலாண்டுக்காரரைவிட வயதில் இளையவர். அவர் முதலில் நோயாளியின் தாயிடம் பேசினார்.

“வீட்ல என்ன பாஷைம்மா பேசுவீங்க?”

“எங்க வீட்ல தெலுங்குதாங்க. தமிழ் எனக்கு வரும், பாப்பாக்கு அவ்வளவா வராதுங்க.”

தாயையே கேட்கச் சொன்னார். “நீ பேரு செப்பும்மா” என்று தாய் காதருகே குனிந்து இரண்டு முறை சொன்னதும் கண் திறந்தது, பெயர் வந்தது. “இதி ஏ ஊரு?” என்றதற்கு, “குடியாத்தம்.” ஊர் தவறு, ஆனால் சொற்கள் தெளிவு. பேச்சு 4. கையைத் தூக்கச் சொன்னபோது தூக்கவில்லை. பிறகு மருத்துவர் முதலாண்டுக்காரரிடம், “சார், வலது கையை அவிழ்த்துப் பாத்தீங்களா?” என்று கேட்டார். அவிழ்த்துவிட்டுக் கழுத்தின் பக்கத் தசையைக் கிள்ளியதும், வலது கை கழுத்தெலும்புக்கு மேலே வந்து அவர் விரலைத் தள்ளியது. அசைவு 5. இடது கை மட்டும் முன்போலவே உள்ளே வளைந்தது. கண் 3, பேச்சு 4, அசைவு 5. மொத்தம் 12.

ஆறு மணி நேரத்துக்குள் மூன்று எண்கள்: 13, 7, 12. மாறியது நோயாளியா, பார்த்தவர்களா? இரண்டும்தான். 7 என்ற எண் வந்தது மொழியாலும், பலவீனமான பக்கத்தை மட்டும் பார்த்ததாலும். ஜிசிஎஸ் முறையில் நல்ல பக்கத்தின் சிறந்த அசைவையே கணக்கில் எடுக்க வேண்டும். நகத்தை மட்டும் அழுத்தினால் வலி இருக்குமிடத்தைக் கை தேடி வருகிறதா என்று தெரியாது. ஆனால் அந்தப் பெரிய பிழைக்கடியில் ஒரு சிறிய உண்மை இருந்தது. மாலையில் சொன்னபடி செய்தவர் இப்போது செய்யவில்லை. அசைவு 6-இலிருந்து 5 ஆகியிருந்தது. ஒரே ஒரு புள்ளி. கவலைப்பட வேண்டியது அந்தப் புள்ளிக்காகத்தான்.

இடது கைப் பலவீனம் மாலையிலேயே இருந்ததா, இரவில் வந்ததா என்பதை உறுதிசெய்ய முடியவில்லை. ‘நான்கும் அசைகின்றன’ என்ற வரி இரண்டுக்கும் இடம் தருகிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நான் வார்டுக்கு வந்தபோது 12.05. அறுவை அரங்கை நிறுத்தவில்லை. ஸ்கேனை மறுபடி எடுக்கச் சொன்னேன். அதுவரை கால் மணிக்கொரு முறை, அதே மூன்றாமாண்டு மருத்துவர், அதே தாயை வைத்து, அதே இடத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தோம். பார்ப்பவரும் முறையும் மாறாமல் இருந்தால்தான் எண்ணில் வரும் மாற்றத்தை நோயாளியின் மாற்றமாக எடுத்துக்கொள்ள முடியும். முதலாண்டுக்காரரை அருகிலேயே நிற்கச் சொன்னேன். அவரும் ஒவ்வொரு முறையும் தன் எண்ணைத் தனித்தாளில் எழுதினார். எழுதிய பிறகே இருவரும் ஒப்பிட்டார்கள்.

12.15-க்கு 12. ஸ்கேனில் நீர் அறைகள் காலையைவிடப் பெரிதாகியிருந்தன. வலது பக்கம் மூளையின் ஆழத்தில் இரத்த ஓட்டம் அடைபட்ட சிறு பகுதி புதிதாகத் தெரிந்தது. இடது கையின் காரணம் அதுதான். 12.35-க்கு 10. 12.50-க்கு கண் 2, பேச்சு 2, அசைவு 4: மொத்தம் 8. கடைசி இரண்டு முறையும் முதலாண்டுக்காரரின் தாளிலும் அதே எண்கள். நான்காம் நிலை. மறுநாள் ஷன்ட் என்ற திட்டம் போய், உடனே வெளி வடிகுழாய் என்றாயிற்று.

அடுத்த கேள்வி, யார் வைப்பது. முதலாண்டுக்காரர் மனிதரிடம் நீர் அறைக்குள் குழாய் செலுத்தியதில்லை. ஆனால் துரப்பணத்தை ஆட்டுத் தலையில் பலமுறை பழகியிருந்தார். கத்தியும் தையலும் அவருக்குப் புதிதல்ல. மூன்றாமாண்டு மருத்துவர் மேற்பார்வையில் சில குழாய்கள் வைத்தவர். இறுதியாண்டு மருத்துவருக்கு இது கைவந்த வேலை. அவரே செய்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் சில மாதங்களில் அவர் வேறோர் ஊரில் தனியாக இரவுப் பணி பார்க்கப் போகிறவர். அங்கே இளையவர் கைகளைக் கவனித்து நிறுத்தவும் சரிசெய்யவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை எங்கேயும் நாங்கள் கற்றுத் தரவில்லை. அவசர நேரத்தில் முதன்முறை முயற்சிக்கு இடம் தரக் கூடாது என்பதும் எனக்கு உறுதி. எனவே தோல் கீறல், துரப்பணம், குழாயைத் தோலடியில் கொண்டுவந்து தைப்பது முதலாண்டுக்காரருக்கு. குழாய் செலுத்துவது மூன்றாமாண்டுக்கு. கையுறை போட்டுக்கொண்டு, கை வைக்காமல் நடத்துவது இறுதியாண்டுக்கு. நான் பின்னால் நின்றேன்.

அறுவை அரங்கில்

இடம் குறிப்பது வழக்கமான கோச்சர் புள்ளி. மூக்கின் வேரிலிருந்து 11 செ.மீ. பின்னால், நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ. வலப்பக்கம். துரப்பணம் சுத்தமாக நடந்தது. எலும்பின் உள்தகடு வந்ததும் முதலாண்டுக்காரர் அழுத்தத்தைக் குறைத்து மூளையுறைக்கு மேலேயே நின்றுவிட்டார். மூன்றாமாண்டு மருத்துவர் குழாயைச் செலுத்தினார். 6 செ.மீ. ஆழத்திலும் நீர் வரவில்லை. இன்னும் சற்றே உள்ளே தள்ள அவர் கை முனைந்தது.

“வேண்டாம். வெளியே எடுங்க,” என்றார் இறுதியாண்டு மருத்துவர். குழாய் வெளியே வந்ததும் துணிக்கு அடியில் கைவிட்டு முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையுறையை மாற்றினார். மயக்க மருந்துக் குழாயைச் சரிசெய்தபோது தலை இடதுபக்கம் சற்றுத் திரும்பியிருந்தது. துணியால் மூடிய பின் அது வெளியே தெரியவில்லை. கண்ணின் உள்முனை, காது மடலின் முன்புறம் என்று நாம் கற்பனையில் பிடிக்கும் கோடுகள் எல்லாம் தலையோடு சேர்ந்து விலகியிருந்தன. தலையை நேராக்கி, அதே துளை வழியாக இரண்டாம் முறை. 5 செ.மீ.யைத் தாண்டியதும் நீர் அழுத்தத்துடன் வந்தது. ஒரேயடியாக வடிந்துவிடாதபடி குழாயை அடைத்து, சேகரிப்புக் கலத்தை முதலில் உயரமாக வைத்துப் படிப்படியாக இறக்கினோம்.

குழாயைக் கையில் வைத்திருப்பவரின் கண் அந்தத் துளையில்தான் இருக்கும். தலை திரும்பியதை உணர்ந்தவர் கை சும்மா இருந்தவர். நடத்துவதும் ஒரு தனித் திறன் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு நிமிடமே போதும்.

தொடர்ந்தவை

மறுநாள் மாலைக்குள் தாயின் குரலுக்குக் கண் திறந்தது. அடுத்த நாள் காலையில் ஜிசிஎஸ் 14. வடிகுழாயால் தெளிவு ஏற்பட்டதால் ஷன்ட் வைத்தோம். மூன்று மாதம் கழித்து நடந்தே வந்தார். இடது கைப் பிடி இன்னும் பலவீனம்; பிசியோதெரபியும் காசநோய் மருந்தும் தொடர்கின்றன. அந்த இரவு அவருக்கு நினைவில்லை.

துறைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசியபோது ஒரு மருத்துவர் நியாயமான கேள்வி கேட்டார்: “அந்த ஏழுங்கற எண்ணை அப்படியே நம்பியிருந்தா, குழாய் ஒரு மணி நேரம் முன்னாடியே போயிருக்குமே?” போயிருக்கும். அதனால்தான் அறுவை அரங்கை நிறுத்தவில்லை. ஆனால் இந்தக் கணக்கை இன்னொரு பக்கமும் போட்டுப் பார்க்க வேண்டும். 7 என்பதை அடித்தளமாக வைத்துக்கொண்டு ஏதோ காரணத்தால் காத்திருந்தோம் என்று வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வரும் 8-ஐ ‘முன்னேற்றம்’ என்று எழுதியிருப்போம். உண்மையில் அவர் அப்போது 12-இலிருந்து 8-க்கு வீழ்ந்திருந்தார். தவறான முதல் எண், பின்னால் வரும் சரியான எண்களையும் பொய்யாக்கிவிடும்.

முதலாண்டுக்காரர் அந்தக் கூட்டத்தில் அமைதியாக ஒன்று சொன்னார். தனக்கு ஜிசிஎஸ் அட்டவணை மனப்பாடம் என்றும், எம்.எஸ். படித்த இடத்தில் அதைப் பலமுறை எழுதியிருப்பதாகவும், ஆனால் தான் எழுதிய எண்ணை இன்னொருவர் நோயாளியருகே நின்று சரிபார்த்ததே இல்லை என்றும் சொன்னார். அவர் தையலை எத்தனையோ பேர் சரிபார்த்திருக்கிறார்கள். 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜெனட்டும் இந்த அளவுகோலை வெளியிட்டபோது, யார் பார்த்தாலும் ஒரே விடை வர வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அந்த ஒற்றுமை பழக்கத்தால்தான் வரும்.

பயிற்சியில் மாற்றியவை

சுவரிலிருந்த ஆண்டு அட்டவணையை எடுத்துவிட்டோம். இப்போது ஒவ்வொருவருக்கும் தனித்தாள். இடப்பக்கம் திறன்கள், எதிரே நான்கு படிகள்: பார்த்தது, துணை நின்றது, மேற்பார்வையில் செய்தது, தனியே செய்யத் தகுதி. ஒரே ஆளுக்கு வடிகுழாயில் இரண்டாம் படியும் தையலில் நான்காம் படியும் இருக்கலாம். மேலே இரண்டு வரிசைகளை நான் கட்டாயமாகச் சேர்த்தேன்: நினைவிழந்தவரைப் பரிசோதிப்பது, அதைத் தொலைபேசியில் சொல்வது.

பரிசோதனையில் அந்த இரவின் தனித்தாள் முறையையே வைத்துக்கொண்டோம். புதிதாகச் சேர்பவர் மூத்தவரோடு நின்று தனியாக எண் எழுத வேண்டும். தொடர்ந்து பத்து நோயாளிகளிடம் மூன்று பாகங்களும் ஒத்துப்போன பிறகே இரவில் முதல் அழைப்பை ஏற்கலாம். எம்.எஸ். முடித்தவர்கள் சிலருக்கு இது கீழே இறக்கியதுபோல் பட்டது. அதை மறைக்காமல் பேசினோம். ஆறாண்டு வழியினருக்கும் இதே அளவு பயிற்சி மறுபக்கம் உண்டு என்று அவர்கள் கண்டபோது அந்த வருத்தம் தணிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் திறன் அறையில் ஆட்டுத் தலையில் துரப்பணமும், முட்டை ஓட்டை உள்தோல் கிழியாமல் தேய்த்தெடுப்பதும், கோழி இறக்கையின் இரத்தக் குழாயில் நுண்ணோக்கியின் கீழ் மிக மெல்லிய 10-0 நூலில் தையலும் நடக்கின்றன. அங்கே எம்.எஸ். முடித்தவர்களே மற்றவர்களுக்கு ஊசி பிடிக்கச் சொல்லித் தருகிறார்கள்.

தொலைபேசியில் மொத்த எண் மட்டும் சொல்வதை நிறுத்தினோம். கண், பேச்சு, அசைவு தனித்தனியே, வலம், இடம் தனித்தனியே, எந்த மொழியில் கேட்டது, எங்கே அழுத்தியது. இதைச் சொல்லும் பயிற்சி இளையவருக்கு. சொல்லப்படாததைக் கேட்டு வாங்கும் பயிற்சி மூத்தவருக்கு. அன்றிரவு ‘ஏழு’ என்ற சொல் வந்தவுடன் ‘எந்தக் கை?’ என்று கேட்டிருந்தால், மூன்றாமாண்டு மருத்துவர் வந்து சேர்வதற்கு முன்பே விஷயம் பாதி தெளிந்திருக்கும்.

படுக்கைத் தாளின் தலைப்பில் நோயாளியின் வீட்டு மொழியை எழுதுகிறோம். பெயர் என்ன, இது எந்த ஊர், கையைத் தூக்கு, நாக்கை நீட்டு என்ற நான்கு வாக்கியங்களும் தெலுங்கு, உருது, இந்தி, வங்காளம் ஆகியவற்றில் தமிழ் எழுத்தில் அச்சிட்டு வார்டில் வைத்திருக்கிறோம். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து வருகிற குடும்பங்களில் உருது பேசுவோர் பலர்; சித்தூர்ப் பக்கமிருந்து வருவோருக்குத் தெலுங்கு. உடன் இருக்கும் உறவினரே நல்ல துணை, ஆனால் நள்ளிரவில் ஐசியூவுக்குள் அவர்கள் இருப்பதில்லை.

இன்னும் சரியாகாதவை

தனித்தாள்களில் கையெழுத்து சுலபமாகிவிடுகிறது. வாரக் கடைசியில் மூத்தவர் ஒருவர் பத்து வரிகளுக்கும் சேர்த்து ஒரே பேனாவில் கையெழுத்திட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இப்போது செய்த இடத்திலேயே, நோயாளியின் எண்ணோடு எழுதினால்தான் கணக்கில் வரும் என்று வைத்திருக்கிறோம். அதனால் தாள்கள் மெதுவாக நிரம்புகின்றன. நிரம்பட்டும்.

மாலைப் பணி முடிந்து கைமாறும் நேரம் இன்னும் பலவீனமாகவே இருக்கிறது. இருவரும் சேர்ந்து படுக்கையருகே நின்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஒருவர் போக வேண்டும் என்பது விதி. வெளிநோயாளிப் பிரிவு நீண்டுபோகும் நாட்களில் அது நடப்பதில்லை. இதற்கு ஆட்கள் தேவை. நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டிருக்கிறோம்.

அன்றிரவு மாற்றத்தை முதலில் கண்டது செவிலியர். மாலையில் வாய் திறந்து வாங்கியவர் இரவில் உதட்டை அசைக்கவில்லை என்பதை அவர் கவனிக்காமல் போயிருந்தால் மற்ற எல்லாமே தாமதமாகியிருக்கும். எனவே தனித்தாளில் எண் எழுதும் பயிற்சியில் வார்டுச் செவிலியர்களையும் சேர்த்திருக்கிறோம். முதல் மாதத்தில் பயிற்சி மருத்துவர்களைவிட அவர்கள் எண்கள் மூத்தவரின் எண்ணோடு அதிகம் ஒத்துப்போயின. அடுத்த சேர்க்கையிலிருந்து, புதிதாக வரும் எம்.சிஎச். மருத்துவர்களின் முதல் பத்து நோயாளிகளில் பாதிப் பேரை இரவுச் செவிலியரோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்று தாளை மாற்றி அச்சிடக் கொடுத்திருக்கிறோம்.